ஓரெழுத்து மனு

1

இந்த வாரக் கப்பல் தபாலில் என் கடிதம் எனக்கே திரும்பி வந்திருக்கிறது. விலாசத்தில் பிழையில்லை. தபால்தலை குறையவில்லை. பெற்றுக்கொள்ள ஆளில்லை என்று எந்தத் தபால்காரரும் உறையின் மேல் கிறுக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் மகன் சேஷாத்ரி அதை ஒழுங்காக வாங்கிப் பிரித்துப் படித்து, வேறோர் உறையில் போட்டு, புதுத் தபால்தலை ஒட்டி, பினாங்குக்கே திருப்பி அனுப்பியிருக்கிறான்.

"சேஷு என்ன எழுதியிருக்கான்?" என்று என் மனைவி கோமளம் அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"அவன் எங்கே எழுதினான்? நான் எழுதினதையே திருப்பி அனுப்பியிருக்கான்."

அவள் கரண்டியைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. பிறகு, "நன்னா வேணும் உங்களுக்கு" என்றாள். கரண்டியின் ஓசை உற்சாகமாகத் தொடர்ந்தது.

ஏன் நன்றாக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடல் தாண்டிப் போனவன் கப்பலைப் பற்றியும் ரப்பர் தோட்டத்தைப் பற்றியும் எழுதுவான் என்று ஊரில் இருக்கும் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ரப்பர் தோட்டத்தை நான் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். பினாங்கில் ஒரு சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் கடிதம் எழுதினேன். பிறர் எழுதிய கடிதங்களைத் திருத்தினேன். கடைசிப் பத்து வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தேன். பத்திக்கு எண் போடாமல் எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஓர் எழுத்து. 'நீ' என்கிற எழுத்து. என் மகன் என்னை ஒரு தடவையாவது 'நீ' என்று கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வழக்கு அவ்வளவுதான்.

2

ஐம்பத்தைந்து வயது நிறைந்த அன்று மாலை ஆபீஸ் என்னை விடுவித்தது. ரப்பர் முத்திரை, மைக்கூடு, அலமாரிச் சாவி எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். என் நாற்காலிக்கு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் பழக்கிய ஆள்.

"இனி என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார்.

"என்னையே திருத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்."

"எந்தப் பாராவிலே?" என்றார், பென்சிலை எடுத்துக்கொண்டு. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறேன்.

உண்மையிலேயே ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒன்று, பகல் தூக்கத்தை விடுவது. இரண்டு, சைக்கிள் விடக் கற்றுக்கொள்வது. மூன்று, பிறர் வாக்கியத்தைத் திருத்தாமல் இருப்பது. முதலாவது ஒரு வாரத்தில் தோற்றது. மூன்றாவதைப் பரிசீலனையில் வைத்தேன். எங்கள் ஆபீஸ் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வயதாவதைப் பற்றிப் பலரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். என் முழங்கால் நன்றாகவே இருக்கிறது. நான் கண்டது வேறு. ஆபீஸில் நான் எழுதியதை என் துரை பார்ப்பார், பச்சை மையில் இரண்டு இடம் அடிப்பார், எனக்குக் கோபம் வரும், கடிதம் உருப்படும். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னைத் திருத்த ஆளில்லை. நான் சொன்னதெல்லாம் சொன்னபடியே வெளியே போயிற்று. அடுத்த வீட்டுக்காரர் தலையாட்டினார். கடைக்காரர் தலையாட்டினார். வயதானவன் சொல்லுக்கு எல்லாரும் தலையாட்டுகிறார்கள் என்றால், அவனை யாரும் படித்துப் பார்ப்பதில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த நிலையில்தான் ஊருக்குப் புறப்பட்டோம். நான்கு மாதம் தங்குவதாக ஏற்பாடு. அடுத்த விடுப்பு என்று இனி எனக்கு ஒன்று கிடையாது. விடுப்புக் கொடுக்க ஆபீஸே இல்லை. இந்த வயதுக்கு மேல் இன்னொரு தடவை கடல் தாண்டுவேனா என்பதற்கு எந்த விதியிலும் உத்தரவாதம் இல்லை.

3

நாகப்பட்டினத்தில் இறங்கும்போது அம்மை குத்திய சான்றிதழை மூன்று பிரதி வைத்திருந்தேன். அங்கிருந்த டாக்டர் என் கையைக்கூடப் பார்க்காமல் "போங்க, போங்க" என்று விட்டுவிட்டார். சான்றிதழ் வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. திருச்சியில் ரயில் மாறி ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கியபோது சேஷு வந்திருந்தான். கூடவே கோமளத்தின் தம்பி வரதன், உள்ளூர்த் தபாலாபீஸில் குமாஸ்தா.

சேஷுவுக்கு இருபத்தாறு வயது. திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அவன் மனைவி மூன்றாம் மாசமே, மசக்கை அதிகம் என்று பிறந்தகம் போயிருந்தாள். எட்டு வயதில் அவனை வரதனிடம் கொண்டுவந்து விட்டேன். பினாங்கில் அவன் மலாயும் சீனமும் கலந்து தெருவில் பேசிய பேச்சைக் கேட்டு, தமிழும் சந்தியாவந்தனமும் போய்விடும் என்று பயந்தேன். வரதனுக்குக் குழந்தை கிடையாது. இரண்டு தரப்புக்கும் சௌகரியமான ஏற்பாடு என்று குறிப்பெழுதி முடித்தேன். அதற்குப் பிறகு விடுப்பு விதிப்படி அவனைப் பார்த்தது இரண்டே தடவை. பதிமூன்று வயதில் ஒரு தடவை, பத்தொன்பதில் ஒரு தடவை.

"அம்மா, நீ ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று முதலில் கோமளத்தின் கையைப் பிடித்தான். "மாமா, நீ அந்தப் பெட்டியத் தூக்காதே, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று வரதனை அதட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான். முதுகு நேராயிற்று.

"வாங்கோ. பிரயாணம் சௌகரியமா இருந்துதா?"

வேறு ஊர்க்காரர்களுக்கு இதில் குறை தெரியாது. மரியாதையான பிள்ளை என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடுகளில் பிள்ளைகள் அப்பாவை 'நீ' என்பார்கள். 'நீங்கோ' என்பது சம்பந்தி வீட்டாருக்கும், வாடகைக்கு இடம் பார்க்க வந்தவருக்கும். சந்நிதியில் நின்று பெருமாளையே 'நீயே கதி' என்கிறோம். 'நீங்களே கதி' என்று இதுவரை ஒருவரும் உருகியதில்லை. முன்பு வந்த இரண்டு தடவையும் கூச்சம் என்று எண்ணிக்கொண்டேன். இருபத்தாறு வயதுக் கணக்கு வாத்தியாருக்கு என்ன கூச்சம்?

நான் ஜட்காக்காரரிடம் பெட்டியை இறக்கியதற்கு வாய்ப்பழக்கத்தில் "திரிமா காசி" என்றேன். மலாயில் நன்றி என்று அர்த்தம். அவர் திடுக்கிட்டு, "காசிக்கெல்லாம் குதிர போவாதுங்க சாமி. நமக்கு ஸ்டேஷனோட சரி" என்றார். கோமளம் மறுநாள் வாசலில் கத்தரிக்காய்க் கூடைக்காரியிடம் "பெராப்பா?" என்று விலை கேட்டாள்.

"யாரு, எங்கப்பாவா? அவரு போய்ச் சேந்து ஆறு வருசமாச்சும்மா. உங்களுக்குக் காய் வேணுமா, வேணாமா?"

சேஷு உள்ளேயிருந்து கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அம்மா, நீ கடைக்குப் போகாதே, ஊர்ல கலகம் வந்துடும்" என்றான். நான் காசிக் கதையைச் சொன்னேன். அதற்கும் சிரித்தான். சிரித்து முடித்து, "காப்பி சாப்பிடறேளா?" என்றான்.

4

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. "பேப்பர் பாக்கறேளா?" "வெந்நீர் போதுமா, பாருங்கோ." "நீங்கோ உக்காருங்கோ, நான் எடுத்துண்டு வரேன்." தர்மசத்திரத்தில்கூட இவ்வளவு நல்ல உபசாரம் கிடைக்காது.

வரதனிடம் சொன்னேன். அவன் மூக்குப்பொடியை உதறிவிட்டு யோசித்தான்.

"அத்திம்பேர், இதுக்கு ஒரு மனுப் போட்டுடுங்கோளேன். 'நீ' என்று அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்னு. நான் சிபாரிசு பண்றேன்."

"கேலி பண்ணாதே."

"கேலி இல்லே. உங்களுக்கு வேற பாஷை தெரியுமா? நீங்கோ கடுதாசி போட்டா எங்காத்துல எல்லாரும் நிமிந்து உக்காந்துண்டுதான் படிப்போம்."

கோமளம் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "ஏன்னா, ஒரே ஒரு எழுத்து. அதுக்காக முகத்த இப்படித் தூக்கி வெச்சுண்டிருந்தா, நானே உங்கள 'நீ'ன்னு கூப்பிட்டுத் தொலைக்கிறேன்."

அவளுக்கு இது புரிவது கஷ்டம். அவள் மகனுக்கு எழுதும் கடிதத்தில் வரிக்கு நாலு பிழை இருக்கும். அவனும் அவளுக்குப் பிழையோடுதான் பதில் எழுதுவான். கடல் ஒன்று குறுக்கே இருப்பதே அந்த இரண்டு பேருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த வழி காரியத்தின் வழி. மனிதர்களை ஒரே வேலையில் போட்டால் ஒட்டிக்கொள்வார்கள். என் பட்டியலில் இரண்டாவது இனம் காத்திருந்தது. சேஷு தினமும் காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிறவன்.

"எனக்குச் சைக்கிள் சொல்லிக் கொடு" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன் வடிவியல் பரிசு கேட்டால் அப்படித்தான் பார்ப்பான் போலிருக்கிறது.

"எப்போலேர்ந்து?"

"நாளையிலிருந்து."

"கால் எட்டறதா பாக்கணும். சரி, காலம்பர ஆறு மணிக்குக் கொள்ளிடக் கரைக்கு வாங்கோ. தெருவுல வேண்டாம்."

"ஏன், உனக்கு வெட்கமா?"

"எனக்கென்ன? உங்களுக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

வரதன் வாசலில் நின்று வழியனுப்பினான். "ரிடையரானவா எல்லாம் காலக்ஷேபம் கேக்கப் போறா. எங்க அத்திம்பேர் சக்கரத்தாழ்வாரையே நேரா பிடிச்சுட்டார். அதுவும் ரெண்டு சக்கரம்!"

5

நல்ல வாத்தியார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கோபமே வராது. ஸீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருவான். "கைய விறைக்காதேங்கோ. கீழே பாக்காதேங்கோ, எதிரே பாருங்கோ. வேஷ்டியத் தூக்கிக் கட்டிக்கோங்கோ, செயின்ல மாட்டிண்டா விழுந்துடுவேள்." ஒரு 'ங்கோ' கூடத் தவறாது. மூச்சிரைக்கும்போதும் தவறாது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூச்சுத் திணறும்போது மனிதன் முதலில் விடுவது விகுதியைத்தான்.

எட்டு நாள் நான் ஓட்டினேன் என்பதைவிட அவன் தள்ளினான் என்பது பொருந்தும். ஒன்பதாம் நாள் கரையின் மேல் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாகனம் நான் சொன்னபடி கேட்டது. "சேஷு, பார்த்தாயா, ஆடவே இல்லை" என்றேன். பதில் தூரத்திலிருந்து வந்தது. அவன் பிடியை விட்டு ஐம்பது அடி ஆகியிருந்தது.

அந்தத் தகவல் வந்த அதே சமயம் சரிவும் வந்தது. கரையிலிருந்து பாதை கீழே இறங்கும் இடத்தில் தொட்டியத்திலிருந்து வாழையிலைக் கட்டு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு மணி அடிக்கத் தெரியும். அடித்தேன். மாடுகளுக்கு அந்த விதி தெரியவில்லை.

"அப்பா! பிரேக்கப் பிடி! கீழ கால வெக்காதே! பிடிப்பா, பிடி!"

விழுந்துகொண்டே எண்ணினேன். ஒருமை ஏவல் நாலு. அதில் ஒன்று எதிர்மறை.

வண்டியின் பக்கவாட்டில் மோதி இலைக்கட்டின் மேல் சாய்ந்தேன். மாடுகள் நகரவில்லை. அவற்றுக்கு என்னைவிட அனுபவம் அதிகம். வண்டிக்காரர் இறங்கி வந்து என்னைப் பார்த்தார். கிழிந்த இலைகளையும் பார்த்தார்.

"சாமி, எல வேணும்னா நிறுத்திக் கேக்கக் கூடாதுங்களா? இப்பிடியா பாஞ்சு எடுப்பாங்க?"

அதற்குள் சேஷு ஓடிவந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. மண்டியிட்டு என் முழங்கையைப் பிடித்தான். "எங்க அடி? கையக் காட்டு" என்றான். அப்புறம் மூச்சு வந்தது. "ங்கோ" என்றான்.

ரயில் நகர்ந்த பிறகு ஓடிவந்து கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொள்கிற பிரயாணி போல அந்த 'ங்கோ' வந்து ஏறிக்கொண்டதை என் காதால் கேட்டேன்.

"மன்னிக்கணும்" என்றான், சிராய்ப்பைத் துடைத்தபடி. "அவசரத்துல மரியாதை தப்பிடுத்து."

"யாரடா உன்கிட்டே மரியாதை கேட்டது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லாத முகம். பரீட்சையில் தவறான விடை எழுதியவனைப் பார்க்கிற முகம்.

"நீங்கோதான்."

"நானா? எப்போது?"

"ஆத்துக்கு வாங்கோ. காட்டறேன்."

6

அவன் பெட்டியின் அடியில் ஒரு பழைய பிஸ்கோத்துத் தகரம் இருந்தது. அதிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தான். எட்டு வயதுப் பிள்ளையின் பென்சில் எழுத்து. அவனை விட்டுவிட்டு நான் கப்பலேறிய மாதத்தில் எழுதியது. அவன் எனக்கு எழுதிய முதல் கடிதம்.

'அப்பா நீ எப்போ வருவே. மாமாத்துல பூனை குட்டி போட்டுருக்கு. நாலு குட்டி. ஒண்ணுக்கு உன் பேர் வெச்சிருக்கேன்.'

அதன் மேல் சிவப்பு மை. என் கையெழுத்து; அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 'நீ எப்போ வருவே' அடிக்கப்பட்டு, மேலே 'தாங்கள் எப்பொழுது வருவீர்கள்?' என்று இருந்தது. கேள்விக்குறியைத் தனியாக வட்டமிட்டிருந்தேன். 'மாமாத்துல' என்பது 'மாமாவின் இல்லத்தில்' ஆகியிருந்தது. கடைசி வாக்கியம் என் கையால் அடைந்த உருவம் இது: 'ஒன்றிற்குத் தங்கள் பெயரைச் சூட்டியுள்ளேன்.' ஓரத்தில், பிறர் எழுதியதைத் திருத்தும்போதெல்லாம் நான் எழுதுகிற வாசகம்: 'கவனமாக எழுது.'

பிள்ளைக்குத் தமிழ் வர வேண்டும் என்றுதானே ஸ்ரீரங்கத்தில் விட்டேன். திருத்தி அனுப்பினால் படிப்பான் என்று நினைத்தேன். அந்தக் காகிதத்தில் எட்டுத் திருத்தம் இருந்தது. எப்போது வருவேன் என்பதற்குப் பதில் ஒரு வரிகூட இல்லை.

வரதன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை.

"இந்தக் கவர நான்தான் அவன் கைல குடுத்தேன். அப்பாகிட்டேர்ந்து வந்திருக்குன்னு குதிச்சுண்டு பிரிச்சான். அப்பறம் உக்காந்து, பாத்துப் பாத்து எழுதினான். பதினோரு தடவை எழுதினான் அத்திம்பேர், தப்பில்லாம வர்ற வரைக்கும். அழவே இல்லே."

அதற்கடுத்து வந்த கடிதங்கள் எனக்கு நினைவிருந்தன. ஆபீஸில் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். 'இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். நிற்க. அரையாண்டுப் பரீட்சையில் கணிதத்தில் முதலாவதாக வந்துள்ளேன்.' பதினெட்டு வருஷமாக அதே ரகம். ஒரு பிழை கிடையாது. ஒரு பூனையும் கிடையாது.

ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது இதுதான்:

"அந்தக் குட்டி என்ன ஆயிற்று?"

"எது?"

"என் பேர் வைத்த குட்டி."

சேஷு சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அது ரொம்ப நாள் இருந்துது. எங்கயும் போகல. இங்கயேதான் இருந்துது."

7

ஓர் உத்தரவு பிறப்பிக்கப்பட்டால், பிறப்பித்தவரே ரத்து செய்கிற வரையில் அமலில் இருக்கும். பிறப்பித்தவருக்கு மறந்துவிட்டது என்பது காரணமாகாது. இதை எத்தனையோ பேருக்கு நான் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். என் மகன் என்னைவிட ஒழுங்கான குமாஸ்தா. எட்டு வயதில் கையில் வந்த உத்தரவை இருபத்தாறு வயது வரை ஒரு நாள் தவறாமல் நிறைவேற்றியிருக்கிறான்.

வாத்தியார் வீட்டில் சிவப்பு மைக்குப் பஞ்சமில்லை. அவன் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தேன். எங்கள் ஆபீஸில் ஒரு சொல்லை அடித்துவிட்டுப் பிறகு அது இருக்கட்டும் என்று தோன்றினால், அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'அடித்தது நிற்கட்டும்' என்று குறிப்போம். நான் 'நீ' என்பதற்குக் கீழே மூன்று புள்ளி வைத்தேன். 'உன்' என்பதற்குக் கீழே மூன்று. ஓரத்தில் தமிழில் எழுதினேன்: 'நிற்க.'

சேஷு குனிந்து படித்தான். "இது க்ஷேமத்துக்கு அப்பறம் போடற நிற்கவா?"

"இல்லை. அடித்தது நிற்கட்டும் என்று அர்த்தம்."

"கையெழுத்து, தேதி இல்லியே. செல்லுமா?"

கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். அவன் மைஒற்றும் தாளை அழுத்தி எடுத்து, காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தகரத்துக்குள் வைத்தான்.

"சரி. குளிச்சுட்டு வாங்கோ, சாப்பிடலாம்" என்றான்.

எனக்கு ஏமாற்றமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் மேலிடத்து உத்தரவு கீழே போய்ச் சேர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது என்னைப்போல் யாருக்குத் தெரியும்? பதினெட்டு வருஷம் பழகிய நாக்கு. மிச்சமிருந்த நாட்களிலும் 'வாங்கோ' தான், 'உக்காருங்கோ' தான். ஆனால் பாலத்தின் மேல் நான் அவனோடு தனிச் சைக்கிளில் போகிற அளவுக்கு வந்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், மலைக்கோட்டையை எதிரே பார்த்தபடி, அவன் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போவோம். போகிற வழியில் அவன் தன் ஹெட்மாஸ்டரைப் பற்றிச் சொல்லுவான். அந்தப் பேச்சில் முன்னிலையே வராது. அதனால் சிக்கலும் இல்லை.

ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது, "போயிட்டு வாங்கோ. சைக்கிள விட்டுடாதேங்கோ" என்றான்.

கோமளம் நாகப்பட்டினம் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். கப்பலில் ஏறும்போது சான்றிதழ்கள் மூன்று பிரதியும் கையில்தான் இருந்தன. கேட்டார்கள். கொடுத்தேன். அதில்கூட ஒரு திருப்தி வரவில்லை.

8

இங்கே ஒரு பழைய சைக்கிள் வைத்திருக்கிறேன். காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று. எதிரே வரும் சீனக் கிழவர் ஒருவர் மணி அடிப்பார். நானும் அடிப்பேன். எங்கள் சிநேகம் அவ்வளவுதான். அதில் ஒருமை பன்மைத் தகராறு இல்லை. சாயங்காலம் மழை வந்தால் பேப்பர் படிக்கிறேன். பேப்பரில் பிழைகளைப் பென்சிலால் குறிப்பதை விட்டுவிட்டேன். பட்டியலின் மூன்றாவது இனம் பரிசீலனையிலிருந்து அமலுக்கு வந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பு தந்தி வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் சௌக்கியம். கோமளம் அழுதாள், சிரித்தாள், தெருவில் இருக்கும் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். நான் மேஜைக்கு வந்து கடிதம் எழுதினேன். மனத்தில் இருந்ததையெல்லாம் எழுதினேன் என்றுதான் நினைத்தேன். அப்பனாவது எப்படி என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது, நீ பார்த்துச் செய் என்றுகூட எழுதியிருந்தேன். படித்துப் பார்க்காமல் ஒட்டி அனுப்பினேன். அந்தக் கடிதம்தான் இப்போது திரும்பி வந்திருக்கிறது.

சிவப்பு மை. கணக்கு வாத்தியாரின் நிதானமான கை. இரண்டாம் பத்தியில் நான் விட்ட ஓர் ஒற்றைப் போட்டிருக்கிறான். 'குழந்தைக்கு தங்கள்' என்பதில் 'த்' இல்லை என்பது உண்மைதான். ஆனால் 'தங்கள்' எங்கிருந்து வந்தது? மகனுக்கு எழுதும்போது எனக்கே தெரியாமல் பேனாவிலிருந்து வந்திருக்கிறது. அதை அடித்து 'உன்' ஆக்கியிருக்கிறான். அந்த 'உன்' வந்தபின் தேவைப்படாத புது 'த்'தையும் சேர்த்து அடித்திருக்கிறான். கீழே, முப்பது வருஷப் பழக்கத்தில், 'இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள' என்று முடித்திருந்தேன். பிறந்த பேத்தியைப் பற்றிய கடிதத்துக்கு அந்த முடிப்பு! அதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்து, மேலே எழுதியிருக்கிறான்: 'அப்பா.'

ஓரத்தில், என்னுடைய பழைய வாசகம், என்னுடைய இடத்திலேயே: 'கவனமாக எழுது.'

எழுதுங்கோ இல்லை. எழுதவும் என்றுகூட இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எழுது.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. 'முதல் கடிதத்தில் கேட்டதற்குப் பதில் இன்னும் பாக்கி. நீ எப்போ வருவே?'

கேள்விக்குறியை வட்டமிட்டிருந்தான்.

அடுக்களை வாசலில் போய் நின்று காகிதத்தை நீட்டினேன். கோமளம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஓரத்துக்கு வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சும்மா நின்னுண்டிருந்தா? பதில் எழுதுங்கோ. பதினெட்டு வருஷமாப் பிள்ளை கேட்டுண்டிருக்கான்."

உட்கார்ந்தேன். க்ஷேமம் எழுதவில்லை. உன் கடிதம் கிடைத்தது என்றும் எழுதவில்லை. எண்ணும் போடவில்லை. முதல் வரியிலேயே பதில்:

'தை மாசம் வரேன்டா.'

'வருகிறேன்' என்று மாற்றப் பேனா தானாகவே மேலே போயிற்று. பிடித்து நிறுத்தினேன். நிற்க.